எசினாத்தியின் அரைஞாண்

முடிச்சு மூன்றாவது முறையும் நழுவியது. மெலிஃபா உள்ளங்கை வியர்வையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு, மாமாவின் சட்டையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினாள். ஐந்து வாரப் படுக்கையில் இடுப்பு எலும்பு கட்டில் சட்டம் போலத் துருத்திக்கொண்டு நின்றது. கறுப்பு நூல். அதில் கோத்த மூன்று வேர்த்துண்டுகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு. நூலை முதுகுக்கு அடியில் நுழைத்து மறுபக்கம் இழுப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

சக்கேயோ மாமா விழித்துத்தான் இருந்தார். பேச்சு போய்விட்டது. வலது பக்கம் முழுக்க மரத்துப்போயிருந்தது. ஆனால் கண்கள் இரண்டும் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

"தெரியுதா இது?" என்றாள் மெலிஃபா, மெதுவாக. "நல்லாப் பாருங்க. அன்னிக்கு நீங்க குச்சியில தூக்கி ஊருக்கே காட்டினீங்களே, அதேதான்."

மாமாவின் இடது கை பாயிலிருந்து எழுந்தது. அவர் சொன்னதைக் கேட்க மிச்சம் இருந்தது அந்தக் கை ஒன்றுதான். அது நடுங்கி நடுங்கி வந்து நூலின் மேல் விழுந்தது. பிடுங்கி எறியப் பார்க்கிறார் என்று நினைத்து அவள் அதைத் தட்டிவிட்டாள். இறுக்கி முடிச்சுப் போட்டு, மிச்சம் தொங்கிய நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை இறக்கிவிட்டு, போர்வையை மார்பு வரை இழுத்து மூடினாள்.

"இனிமே எப்ப வேணா போங்க" என்றாள்.

வெளியே யாரோ உரலில் சோளம் குத்திக்கொண்டிருந்தார்கள். 

பதினோரு வருடத்துக்கு முன் இதே போன்ற ஒரு கோடையில் அவளுடைய அம்மா எசினாத்தி இறந்தாள். செங்கல் கோயில் என்று ஊர் சொல்லும் கிறிஸ்தவச் சபையின் மாதர் சங்கத்துப் பெண்கள் வந்து உடலைக் கழுவினார்கள். கழுவும்போது இடுப்பில் இந்தக் கயிற்றைக் கண்டுபிடித்தவள் லோஜினா. அவள் அதைக் கையால் தொடப் பயந்து, ஒரு குச்சியில் மாட்டி எடுத்துக்கொண்டு போய்ச் சபையின் மூத்த மூப்பரிடம் கொடுத்தாள். மூத்த மூப்பர் வேறு யாருமில்லை. இறந்தவளின் கூடப்பிறந்த தம்பி சக்கேயோதான்.

அவர் முற்றத்துக்கு வந்தார். மாமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஊர் முழுவதும் பார்க்க அந்தக் குச்சியை உயர்த்திப் பிடித்தார்.

"இவ எனக்கு அக்கா. ஆனா சபைக்கு மக இல்ல. மந்திரக்காரன் கயித்தைக் கட்டிக்கிட்டுச் செத்தவளுக்குச் சபை பாடாது."

அவ்வளவுதான். பாட்டுப் புத்தகங்கள் மூடின. வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாக வந்திருந்த மாதர் சங்கம் வரிசை குலையாமல் எழுந்து போயிற்று. கோயில் மணி அடிக்கவில்லை. குழி வெட்டப் போயிருந்த சபை வாலிபர்கள் முழங்கால் ஆழத்தோடு மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். மெலிஃபா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் ஏரிக்கரையிலிருந்து புவானலி சின்ன மாமா பள்ளிவாசல் ஆட்கள் ஐந்து பேரோடு மண்வெட்டி தூக்கிக்கொண்டு வந்தார். அவர்கள்தான் மீதிக் குழியை வெட்டினார்கள். அவர்கள்தான் இறக்கினார்கள். பாட்டு இல்லை, பூ இல்லை, சிலுவை இல்லை.

எசினாத்தி, சக்கேயோ, புவானலி மூவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். சக்கேயோ வெள்ளைக்காரப் பாதிரிமார் பள்ளியில் படித்து ஞானஸ்நானம் எடுத்தார். கடைக்குட்டி புவானலி படகுக்காரர்களோடு வளர்ந்து கலிமா சொல்லி முஸ்லிம் ஆனார். மலாவி ஏரியோரத்தில் அது ஒரு பெரிய சங்கதி இல்லை. ஒரே வீட்டில் வெள்ளிக்கிழமை ஒருவர் தேய்த்துக் குளிப்பார், ஞாயிற்றுக்கிழமை இன்னொருவர் தேய்த்துக் குளிப்பார். சோப்பு என்னவோ ஒன்றுதான்.

அன்று எல்லோரும் போன பிறகு மெலிஃபா சாம்பல் மேட்டில் கிடந்த கயிற்றைப் பொறுக்கி எடுத்தாள். ஒரு பழைய கோகோ டப்பாவில் போட்டு மூடினாள். அதற்குப் பிறகு அவள் கோயில் படி ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் கோயிலுக்கு எதிரே இருந்த தன் கிழங்குக் காட்டில் இறங்கி, பிரசங்கத்துக்கு நடுவே உள்ளே கேட்கும்படி ஓங்கி ஓங்கிக் கொத்துவாள்.

அப்படிப்பட்டவள், மாமா விழுந்துவிட்டார் என்று கேட்டதும் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்து, "நான் பாத்துக்கறேன்" என்றபோது ஊர் வாயடைத்துப் போயிற்று. மாமாவின் மனைவி செத்து நாலு வருடம். மகன்கள் இரண்டு பேரும் ஜோகன்னஸ்பர்க்கில். தொலைபேசியில் அழுவதோடு சரி. அக்காள் மகள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது என்று முறை சொன்னாலும், அவள் வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. புதிதாக வந்த இளம் போதகர் அதை வைத்து ஒரு பிரசங்கமே செய்தாராம். சத்துருவுக்குப் பசித்தால் அவனைப் போஷிக்கிற ஒரு சகோதரி நம் ஊரில் இருக்கிறாள் என்று. அதைக் கேட்டுவிட்டு வந்து சொன்னவளிடம் மெலிஃபா, "அப்படியா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் கணக்கு வேறு. கயிற்றைச் சீக்கிரம் கட்டினால், பார்க்க வருகிற மூப்பர்கள் புரட்டிப் போடும்போது கண்டுபிடித்து அவிழ்த்துவிடுவார்கள். பிந்திப்போனால் அவள் கைக்கு எட்டாது. ஆண் பிணத்தை ஆண்கள்தான் கழுவுவார்கள். கடைசி மூச்சுக்குச் சற்று முன்னால் கட்ட வேண்டும். அந்த நேரம் வரும்வரை அவர் உயிரோடு இருக்க வேண்டும். அதற்காக அவள் இரண்டு மணிக்கு ஒரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தாள். கஞ்சியைத் துணியில் வடிகட்டி ஊட்டினாள். இடுப்பில் படுக்கைப் புண் வந்தபோது உப்புத் தண்ணீரில் கழுவி, பப்பாளிப் பால் தடவி, விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அன்பாகச் செய்கிறவள்கூட இத்தனை சுத்தமாகச் செய்திருக்க மாட்டாள்.

இன்று காலை மாமாவின் நகக்கண்கள் நீலம் பூத்திருந்தன. அவள் தன் வீட்டுக்குப் போய்க் கோகோ டப்பாவை எடுத்து வந்தாள்.

மதியத் தொழுகை முடிந்து புவானலி வந்தார். கையில் வாழை இலையில் சுற்றிய இரண்டு மீன். கண்ணில் புரை விழுந்து நாலைந்து வருடமாகிறது. கையால் நிலைப்படியைத் தடவிக்கொண்டு உள்ளே வருவார். ஆனால் கருவாட்டில் ஒரு முள் தப்பவிட மாட்டார்.

"எப்படி இருக்கான் அண்ணன்?"

"மூச்சு மேலால வாங்குது, சின்ன மாமா."

"நீ போயிக் கஞ்சி வை. தண்ணியா வை. நான் கொஞ்ச நேரம் இருக்கேன்."

அவள் தயங்கினாள். போகாமல் இருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அடுப்படியில் கஞ்சி கிண்டும்போது கண் முழுக்க வாசலிலேயே இருந்தது. வெகு நேரம் உள்ளே சத்தமே இல்லை. கடைசியில் புவானலி வெளியே வந்து மாமர நிழலில் உட்கார்ந்துகொண்டார். எதுவும் சொல்லவில்லை. அவள் பக்கம் திரும்பவும் இல்லை. கிழவருக்குத் தெரிந்திருக்காது என்று மெலிஃபா மூச்சு விட்டாள்.

கஞ்சி இரண்டு கரண்டி இறங்கியது. மூன்றாவது கரண்டி உதட்டோரமாக வழிந்தது. அவள் அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது மாமாவின் கண்கள் கூரையில் நிலைத்திருந்தன. அவள் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். கண்களை மூடிவிட்டாள். தாடையைத் துணியால் கட்டினாள். பிறகு வாசலுக்கு வந்து, வழக்கப்படி ஓங்கிக் குரல் எடுத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் உலக்கையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

சற்று நேரத்தில் செங்கல் கோயிலின் மணி அடிக்கத் தொடங்கியது. நிதானமாக, ஒவ்வொன்றாக, ஏரி வரை கேட்கும்படி. அம்மாவுக்கு அடிக்காத மணி. அடிக்கட்டும், அடிக்கட்டும் என்று மெலிஃபா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஊர் முழுக்கக் கூடட்டும். எவ்வளவு பேர் வருகிறார்களோ அவ்வளவு நல்லது.

வந்தார்கள். பள்ளிவாசல் பெண்கள் தலையில் மாவுக் கூடையோடு வந்தார்கள். ஊரின் இன்னொரு சபையான வெள்ளை அங்கிக்காரர்கள் வெறுங்காலோடு வந்து ஓரமாக உட்கார்ந்தார்கள். செங்கல் கோயில்காரர்கள் முற்றத்தின் நடுவைப் பிடித்துக்கொண்டார்கள். சக்கேயோவுக்கு அடுத்தபடி மூப்பரான ஃபிலிமோன், கழுத்துப் பட்டியை இறுக்கிக்கொண்டு ஒவ்வொன்றையும் ஒழுங்கு செய்தார். வீட்டுப் பின்புறம் நாணல் தட்டி கட்டி, உடலைக் கழுவ இடம் தயாரானது.

"சபை மூப்பரைச் சபைதான் கழுவணும்" என்றார் ஃபிலிமோன், சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்ற புவானலியைப் பார்த்து. "நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

"தப்பா எடுத்துக்கல. ஆனா அவன் மூப்பரானது நாப்பது வயசுல. எனக்கு அண்ணனானது அதுக்கு ரொம்ப முந்தி."

"அது சரி, இருந்தாலும் முறைன்னு ஒண்ணு..."

"அப்ப ஒண்ணு பண்ணுவோம். மேல்பாதியை நீங்க கழுவுங்க, கீழ்ப்பாதியை நான் கழுவறேன். மூப்பருங்கறது மேல்பாதிதானே? கீழ்ப்பாதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

துக்க வீட்டிலும் நாலு பேர் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பள்ளிவாசல் பக்கத்துப் பாயிலிருந்து ஒருவர், "விடுங்கப்பா, கூடப்பிறந்தவன்" என்றார். ஃபிலிமோன் முகம் சுண்டிப்போய் வழிவிட்டார். மூன்று பேர் தட்டிக்குள் போனார்கள்: ஃபிலிமோன், இன்னொரு மூப்பர், புவானலி.

மெலிஃபா தட்டிக்கு வெளியே வாளியோடு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சோப்பு வாசனை வந்தது. இப்போது கேட்கும், இப்போது கேட்கும் என்று அவள் காதுகள் விடைத்துக்கொண்டிருந்தன. ஃபிலிமோனின் குரல் எப்படி வரும் என்றுகூட அவளுக்குத் தெரியும். "கர்த்தாவே!" என்றுதான் முதலில் கத்துவார். பிறகு குச்சி தேடுவார்கள். குச்சியையும் அவள் தயாராகத் தட்டியோரம் போட்டு வைத்திருந்தாள்.

தண்ணீர் நின்றது. துணி உதறும் சத்தம். தட்டி விலகியது. ஃபிலிமோன் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "சமாதானமான முகம். பரிசுத்தவான்களுக்குத்தான் அப்படி வாய்க்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புவானலி கடைசியாக வந்தார். மெலிஃபா அவர் கையைப் பிடித்துக் கிணற்றடிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"எடுத்துட்டீங்களா?"

"எதை?"

"விளையாடாதீங்க, சின்ன மாமா. எடுத்து எங்க எறிஞ்சீங்க?"

"எறியல. அது அவன் இடுப்புலதான் இருக்கு. வேட்டித் துணியை ரெண்டு சுத்து சேத்துக் கட்டிட்டேன். அவங்களுக்குத் தெரியாது."

"உங்களுக்கு?"

"கண்ணுதான் போச்சு. விரல் இருக்குல்ல. மத்தியானமே பாத்துட்டேன்." அவர் கிணற்றுத் திண்டில் மெல்ல உட்கார்ந்தார். "நீ கட்டினதுன்னும் தெரிஞ்சுது. அவிழ்க்கத்தான் போனேன், புள்ள. அவன் விடல."

"யாரு?"

"அண்ணன்தான். இடது கையால என் கையைப் பிடிச்சுக்கிட்டான். சாகப்போறவனுக்கு அவ்வளவு பலம் எங்கேருந்துதான் வந்துச்சோ. என் விரலைக் கொண்டுபோய் முடிச்சு மேல வச்சு அழுத்தினான். உன் முடிச்சு லொடலொடன்னு இருந்துச்சு. சரின்னு மேல இன்னொண்ணு போட்டேன். போட்டு முடிக்கிற வரைக்கும் விரலை வச்சுப் பிடிச்சுக் குடுத்தான். அப்புறம்தான் கையை எடுத்தான்."

மெலிஃபா திண்டின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கயிறு எதுக்குக் கட்டினதுன்னு உங்கம்மா உனக்குச் சொன்னாளா?"

"இல்ல."

"சொல்ல மாட்டா. இவன் சின்ன வயசுல தங்கச் சுரங்கத்துக்குப் போனான்ல, தெக்கே? ரெண்டு வருஷம் காயிதம் இல்ல. சுரங்கம் இடிஞ்சு ஆளுங்க போயிட்டாங்கன்னு ஊர்ல பேச்சு. உங்கம்மா ராவா பகலா அழுதுட்டு, மருந்துக்காரன்கிட்டப் போயி இதைக் கட்டிக்கிட்டா. தம்பி முழுசாத் திரும்பி வரட்டும்னு. வந்துட்டான். அவிழ்த்துப் போடேன்னு நான்கூடச் சொன்னேன். 'எதுக்குடா? வந்தவன் மறுபடியும் போயிட்டா?'ன்னு கேட்டா. நூலு இத்துப்போனா புது நூல் கோத்துக்குவா."

"மாமாவுக்கு இது தெரியுமா?"

"அன்னிக்குத் தெரியாது. அவளைப் புதைச்சுட்டு வந்து நான்தான் சொன்னேன். இந்த வீட்டு வாசல்ல நின்னு சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"கதவைச் சாத்திக்கிட்டான்."

மெலிஃபாவின் முகம் இறுகியது. "பதினோரு வருஷமாத் தெரியும். தெரிஞ்சும் ஒரு நாள் அந்தக் குழிமேட்டுக்குப் போகல. ஒரு சிலுவை நடல. ஊரைக் கூட்டி, 'நான் செஞ்சது தப்பு'ன்னு ஒரு வார்த்தை சொல்லல. சாகற அன்னிக்கு விரல் வச்சாப் போதுமா?"

"போதும்னு நான் சொல்லலியே."

"நாளைக்குக் குழிமேட்டுல நான் சொல்லத்தான் போறேன். அக்கா மகங்கிற முறையில பொண்ணு வழிக்குப் பேச என்னைத்தானே கூப்பிடுவாங்க? அப்ப சொல்றேன். பெட்டியைத் திறந்து பாக்கச் சொல்றேன்."

அவர் தடுப்பார், குர்ஆனோ பைபிளோ சொல்லுவார் என்று அவள் நினைத்தாள். புவானலி எழுந்து, இருட்டைத் துழாவுகிறவர்போல அவள் தலையைத் தேடிக் கையை வைத்தார்.

"சாப்பிட்டியா நீ? அஞ்சு வாரத்துல பாதியாப் போயிட்டே. அந்த மீனை வறுத்துச் சாப்பிடு" என்றார்.

மறுநாள் காலையில் ஃபிலிமோனே ஆள் அனுப்பிப் புவானலியைக் கத்தியோடு வரச் சொன்னார். ஊருக்குச் சோறாக்க மூன்று ஆடு அறுக்க வேண்டியிருந்தது. பள்ளிவாசல்காரர் கையால் அறுத்தால்தான் எல்லோரும் ஒரே சட்டியில் சாப்பிட முடியும். போன ஈஸ்டர் விருந்தில் சக்கேயோ அந்த வழக்கத்தை நிறுத்தப் போய், பாதி ஊர் வெறும் களியும் கீரையும் தின்றுவிட்டுப் போனது எல்லோருக்கும் நினைவிருந்தது. "இன்னிக்கு ஒரு நாள் சண்டை வேண்டாம்" என்று ஃபிலிமோன் யாரையும் பார்க்காமல் சொன்னார். புவானலி பிஸ்மில்லா சொல்லி அறுத்தார். கறிப்பங்கில் முதல் தட்டு மூப்பர்களுக்குப் போயிற்று.

இரண்டு மணிக்குப் பெட்டி கிளம்பியது. இடுகாடு ஊருக்கு மேற்கே, வெட்டப்படாத பெருமரங்களின் தோப்பு. எல்லா மதத்துக்கும் ஒரே தோப்பு. குடும்பத்துக்கு ஒரு மூலை. எசினாத்தியின் மேட்டை ஒட்டித்தான் சக்கேயோவுக்குக் குழி வெட்டியிருந்தார்கள். பதினோரு மழை பார்த்த மேடு தரையோடு தரையாகப் படிந்து, மேலே கவிழ்த்த ஒரு உடைந்த சட்டி மட்டும் அடையாளத்துக்கு இருந்தது. பாட்டுக்காரர்களில் பாதிப் பேர் அது குழிமேடு என்று தெரியாமல் அதன் மேலேயே நின்று பாடினார்கள். மெலிஃபா அவர்களுடைய செருப்புகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெட்டி இறங்கியது. மண் தள்ளி மேடு கட்டினார்கள். ஃபிலிமோன் மூப்பர் மடித்த காகிதத்தைப் பிரித்து, காலஞ்சென்றவரின் சரித்திரத்தை வாசித்தார். பிறப்பு, ஞானஸ்நானம், சுரங்க வேலை, கோயிலுக்குக் கூரை போட்டது. பிறகு குரலை உயர்த்தினார்.

"சத்தியம்னு வந்துட்டா சொந்தம் பார்க்காதவர். தன்னுடைய கூடப்பிறந்த அக்கான்னும் பாராமல், மந்திரக் கயிறு கட்டிச் செத்தவளைச் சபைக்குப் புறம்பே தள்ளின தைரியசாலி. அப்படிப்பட்ட மூப்பரை இந்த ஊர் இனிமே பார்க்கப்போறதில்லை."

"ஆமென்" என்றார்கள்.

மெலிஃபாவின் காது மடல்கள் சுட்டன. மாதர் சங்க வரிசையில் லோஜினா பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவளுக்கு இப்போது தலை நரைத்திருந்தது.

"இனி, பெண் வழியின் வார்த்தை" என்றார் ஃபிலிமோன். "அவரைக் கடைசிவரை பராமரித்த சகோதரி மெலிஃபா."

அவள் எழுந்தாள். இந்த நேரத்துக்கான சொற்களைப் பதினோரு வருடமாகக் கிழங்குக் காட்டில் கொத்திக் கொத்திப் பழக்கியிருந்தாள். ஒன்றும் தடுமாறவில்லை. குரல் தெளிவாக வந்தது.

"எங்க மாமா இடுப்புல..."

தோப்பு அடங்கியது. தொட்டில் துணியில் சிணுங்கிய ஒரு பிள்ளைக்குக் கூடத் தாய் வாயில் விரல் வைத்தாள். ஃபிலிமோன் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். பள்ளிவாசல் ஆட்களுக்கு நடுவே புவானலி கைத்தடியின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

மெலிஃபா மண் மேட்டைப் பார்த்தாள். அந்த இடது கை நினைவுக்கு வந்தது. அது பிடுங்க வந்த கை இல்லை. அது சுட்டுவிரலை நீட்டிக்கொண்டு வந்தது. மூட்டை கட்டும்போது எதிரே இருக்கிறவர் முடிச்சின் மேல் விரல் வைத்துக் கொடுப்பாரே, அப்படி. அவள்தான் தட்டிவிட்டாள். தட்டிவிட்ட பிறகும் அது பாயில் கிடந்தபடி விரலை மடக்காமலே இருந்தது.

கூட்டம் காத்திருந்தது.

"எங்க மாமா இடுப்புல," என்றாள் மறுபடியும், "படுக்கைப் புண் வந்திருந்துச்சு. உப்புத் தண்ணி ஊத்திக் கழுவினேன். எரிஞ்சிருக்கும். ஒரு நாளும் முகம் சுளிக்கல." ஃபிலிமோன் பக்கம் திரும்பினாள். "அவரைக் கழுவினது எங்கம்மா எசினாத்தி பெத்த கை. அதை மட்டும் அந்தக் காயிதத்துல எழுதிக்கங்க. வேற ஒண்ணும் இல்ல."

உட்கார்ந்துவிட்டாள்.  யாரோ பின்னாலிருந்து அவள் தோளில் கையை வைத்து எடுத்தார்கள்.

ஃபிலிமோன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு பூ வைக்க ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கினார். போதகர் வைத்தார். ஜோகன்னஸ்பர்க் மகன்களின் பெயரில் ஒருவர் வைத்தார். ஊர்த்தலைவர் வைத்தார்.

"காலஞ்சென்றவருடைய தம்பி."

புவானலி ஒரு காகிதப்பூக் கொத்தை வாங்கிக்கொண்டு, தடியால் தட்டித் தட்டி நடந்தார். புது மேட்டின் ஓரமாகவே போனார். ஈர மண்ணைத் தடி தொட்டது. நிற்கவில்லை. இன்னும் இரண்டு எட்டு வைத்துக் குனிந்தார். பாட்டுக்காரர்கள் விலகினார்கள். உடைந்த சட்டியைத் தடவிக் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் காம்பைக் குத்தி, மண்ணைக் கையால் அணைத்தார்.

"ஐயோ, அது இல்ல!" என்றார் ஃபிலிமோன். "இந்தப் பக்கம்! யாராவது அவரைப் பிடிச்சு விடுங்கப்பா, கண்ணு தெரியல."

"தப்பா வச்சுட்டேனா?" என்றார் புவானலி.

"அது உங்க அக்காவோட மேடு!"

"அடடா. சரி, வச்சது வச்சாச்சு. வச்ச பூவைப் பிடுங்கக் கூடாதுல்ல?"

அவர் தட்டிக்கொண்டே திரும்பிப் போய்த் தம் இடத்தில் உட்கார்ந்தார். போகிற வழியில் நீட்டிக்கொண்டிருந்த வேர் ஒன்றில் கால் படாமல் லாகவமாகத் தாண்டிப் போனதை மெலிஃபா பார்த்தாள்.

"மாதர் சங்கம்" என்று கூப்பிட்டார் ஃபிலிமோன், சீக்கிரம் முடிக்கிற அவசரத்தில்.

பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருத்தியும் குனிந்து புது மேட்டில் பூவைக் குத்திவிட்டு நகர்ந்தாள். லோஜினா கடைசியில் வந்தாள். அவள் கையிலிருந்த கொத்தில் மூன்று பூக்கள். புது மேட்டின் முன் நின்றாள். ஒன்றைப் பிய்த்து வைத்தாள். பிறகு பக்கத்து மேட்டுக்கு முன்னால் மண்டியிட்டாள். வெள்ளைச் சட்டையில் மண் ஒட்டுவதைப் பார்க்காமல், மீதி இரண்டையும் அங்கே வைத்தாள். ஃபிலிமோன் வாயைத் திறந்தார். போதகர் அவர் முழங்கையைத் தொட்டார். ஃபிலிமோன் வாயை மூடிக்கொண்டார்.

கூட்டம் கலைந்து எல்லோரும் கை கழுவப் போனார்கள். மெலிஃபா கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். தோப்பில் யாரும் இல்லை. துணி முனையில் முடிந்து வைத்திருந்த நூல் துண்டு, நேற்றுப் பல்லால் கடித்தது, விரலுக்குத் தட்டுப்பட்டது. அவிழ்க்காமல் விட்டாள்.

ஊர் ஆடு ஒன்று மரங்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தது. அவளை ஒரு பொருட்டாக நினைக்காமல் நேராகப் புது மேட்டுக்கு வந்து, போதகர் வைத்த பூவைக் கவ்வி இழுத்தது. மெலிஃபா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆடு அதை மென்று முடித்துவிட்டு ஊர்த்தலைவர் வைத்ததைத் தின்றது. அவள் அசையவில்லை. தின்னட்டும் என்றிருந்தாள். அது தலையை ஆட்டி, மூன்றாவதாக இன்னொரு பூவைத் தேடி மாமாவின் தலைமாட்டுப் பக்கம் குனிந்தது.

அவள் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள்.